ஆத்து வாயை அடைச்சா ஏழ்மேடு மூணு மாசத்துல விழுமா? (தாழைமுகம் – ஏழ்மேடு போர், கணக்கு பார்க்கும் இழை)

#1 ஆறாங்கட்டை

சிலாங்கூர்ப் பத்தாங் பெர்ஜுந்தை (இப்ப பெஸ்தாரி ஜெயா) ஞாயிறு மேசை ஆட்டத்துக்குப் புதுக் கற்பனை உலகம் தயார். வரைபடத்தைப் போன வாரமே மேசையில விரிச்சாச்சு. இப்ப கணக்கு சரியான்னு பார்க்கணும். ஓட்டை இருந்தா இங்கேயே சொல்லிடுங்க, ஆட்டத்து நடுவுல சண்டை வேணாம்.

செம்புனல் ஆறு. மலையடிவாரத்துல ஏழ்மேடு, 12,000 பேர். கழிமுகத்துல தாழைமுகம், 20,000 பேர். ஆத்து வழியா இடைத்தூரம் 40 கிலோமீட்டர். ஏழ்மேட்டுக்குக் கீழே 15 கிலோமீட்டர்ல நடுக்கடவுன்னு ஒரு படகுத்துறை; அது யார் பக்கமும் இல்லை. சாதாரண நாள்ல ஆத்துல விநாடிக்கு 20 கன மீட்டர் தண்ணி, கடும் வெயில்ல 3. கழிமுகத்துல ஆத்தோட அகலம் 200 மீட்டர்.

ஏழ்மேட்டுக்கு 400 ஹெக்டர் நெய்க்குலைத் தோப்பு (நம்ம செம்பனையேதான், எண்ணெய்ப் பனை; பேரை மட்டும் மாத்தினேன்), கூட பால்மரக் (ரப்பர்) காடு. எண்ணெய் ஆட்டும் ஆலை எல்லாம் தாழைமுகத்துல. பத்துல ஒரு பங்கு எண்ணெய் சுங்கமா இருந்ததை நாலுல ஒரு பங்குன்னு தாழைமுகம் ஏத்திடுச்சு. ஏழ்மேடு முடியாதுன்னுச்சு. தாழைமுகம் ஆத்து வாயில இரும்புச் சங்கிலி கட்டி, 3,000 படையாளை இறக்கிடுச்சு. ஏழ்மேட்டுகிட்ட 40 யானை, ஒரு நெல்கிடங்கு (10 × 12 மீட்டர், 3 மீட்டர் உயரம்). வெடிமருந்து எந்தப் பக்கமும் கிடையாது.

என் விதி: 90-ஆவது நாள் உப்பு தீர்ந்து ஏழ்மேடு சரணடையும். சரியா?

#2 காண்டாவாளி

உப்பால விழாது அண்ணே. ஆளுக்கு நாளைக்கு 5 கிராம் போதும். 12,000 பேருக்கு 60 கிலோ. 90 நாளைக்கு 5.4 டன். காண்டாக் கம்புல (தோள்ல வைக்கற காவடிக் கம்பு) ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரு ஆள் 30 கிலோ தூக்குவான்னு வைங்க, மொத்தமே 180 சுமை. நாளைக்கு ரெண்டு பேர் மலைப்பாதையில வந்தா முடிஞ்சது. அதைத் தடுக்க 3,000 படை இல்ல, 30,000 இருந்தாலும் காடு பூரா நிக்க முடியாது.

கருவாடு போடறதுதான் உப்பைத் தின்னும். மூணு பங்கு மீனுக்கு ஒரு பங்கு உப்பு போகும். ஆனா கருவாடு போடறவன் கழிமுகத்துக்காரன், மலைக்காரன் இல்ல.

அரிசிதான் விஷயம். குஞ்சு குளுவான் எல்லாம் சேர்த்து சராசரி 500 கிராம் வச்சா நாளைக்கு 6 டன். 90 நாளைக்கு 540 டன் அரிசி. நெல்லைக் குத்தினா நூத்துக்கு 65 தேறும், அப்ப 830 டன் நெல் வேணும். ஒரு கன மீட்டர்ல சுமார் 580 கிலோ நெல் பிடிக்கும். ஆக 1,430 கன மீட்டர் இடம். நீங்க கொடுத்த கிடங்கு 360 கன மீட்டர். ஒண்ணு பத்தாது, நாலு வேணும். ஒரே கிடங்குன்னா 22, 23 நாள்ல பானை கவுந்துடும்.

இன்னொண்ணு, குத்தி வைக்காதீங்க. அரிசியா வச்சா வண்டு சீக்கிரம் விழும், நெல்லா வச்சா தாங்கும். ஈரம் நூத்துக்கு 14-க்கு மேல போனா கிடங்கு நடுவுல சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். மலையடிவாரத்துல மழை மாசத்துல இதுதான் முதல் எதிரி. தாழைமுகத்துப் படையெல்லாம் அப்புறம்.

#3 பெரட்டுமணி

40 யானை யாரு கேட்டா? ஒரு யானைக்கு நாளைக்கு 150 கிலோ தழை, 100 லிட்டருக்கு மேல தண்ணி. தழை மட்டும் 6 டன். ஊரே சாப்பிடற அரிசி எடை. அதுவும் நெய்க்குலைத் தோப்பு பக்கத்துலேயே கட்டி வைப்பீங்க. இளங்கன்னோட குருத்துன்னா யானைக்கு உசுரு. எதிரி வர்றதுக்குள்ள உங்க யானையே தோப்பை முடிச்சிடும் லா.

#4 கிராணி அக்கா

மணி சொல்றது சிரிப்பு இல்ல, நாலஞ்சு வயசு வராத கன்னுக்கு யானைதான் எமன். 40-ஐ 8 ஆக்குங்க. சண்டைக்கு வேணாம், கட்டை இழுக்க வச்சுக்கலாம்.

நான் சொல்ல வந்தது வேற. தம்பி, நீங்க உப்பையும் அரிசியையும் எண்ணறீங்க. குலையை எண்ணலையே. நெய்க்குலை வெட்டின நிமிஷத்துலேயே கெட ஆரம்பிக்குது. பழத்துக்குள்ளேயே ஒரு நொதி இருக்கு. பழம் அடிபட்டா அது எண்ணெயை உடைச்சுப் புளிக்க வைக்கும். அதனாலதான் 24 மணி நேரத்துக்குள்ள ஆலைக்குப் போகணும்னு எல்லாத் தோட்டத்துலயும் உயிரை எடுக்கறாங்க. எண்ணெயில புளிப்பு நூத்துக்கு 5-ஐத் தாண்டினா வாங்கறவன் முகம் சுளிப்பான்.

இன்னிக்கு நல்ல தோட்டத்துல ஹெக்டருக்கு வருஷம் 18, 20 டன் குலை வரும். உரம், நல்ல விதை இல்லாத உலகம்னு பாதியா 9 டன் வைக்கலாம். 400 ஹெக்டருக்கு நாளைக்குச் சுமார் 10 டன். சங்கிலி விழுந்த மறுநாளே 10 டன் அழுகத் தொடங்கிடும். வெட்டாம மரத்துலேயே விடலாமேன்னு கேப்பீங்க. 10 நாளுக்கொரு சுத்து வெட்டணும். ஒரு சுத்து தவறினா பழம் உதிரியா கொட்டும், எலி வரும், அடுத்த சுத்துல வெட்டற குலை பாதி அளிஞ்சு போயிருக்கும். மரம் காய்க்கறதை நிறுத்தாது. அதுக்குப் போர் நடக்கறது தெரியாது.

ஆக முற்றுகையில யாருக்கு முதல்ல வலிக்கும்னு பார்க்கணும்னா, யாருடைய பண்டம் முதல்ல அழுகும்னு பாருங்க.

#5 ஆறாங்கட்டை

அக்கா, அப்ப ஏழ்மேடு இன்னும் சீக்கிரம் விழணுமே? ஏழ்மேட்டுலேயே எண்ணெய் ஆட்ட முடியாதா?

#6 குலைவெட்டி

முடியும். ஆனா ஆலை மாதிரி வராது. கணக்கைப் பாருங்க.

10 டன் குலையில பழம் 6 டன், மிச்சம் தண்டும் மட்டையும். குலையைக் கோடாலியால பிளந்து ஒரு ராத்திரி மூடி வச்சா பழம் கையால உதிரும். ஆனா அந்த ஒரு ராத்திரியிலேயே புளிப்பு ஏறிடும், அதனால நீட்டக்கூடாது. உதிர்த்ததும் கொதிக்க வைக்கணும். கொதி ஏறினா நொதி செத்துடும், அதுக்கப்புறம் அவசரம் இல்ல. இதுதான் முக்கியமான படி. பலபேர் முதல்ல இடிச்சுட்டு அப்புறம் கொதிக்க வைப்பாங்க, அது தப்பு. இடிக்கும்போதே பழம் உடைஞ்சு புளிப்பு தாறுமாறா ஏறும்.

100 லிட்டர் அண்டாவுல 60 கிலோ பழம் போகும். 6 டன்னுக்கு 100 வாட்டி. ஒரு அண்டா நாளைக்கு நாலு வாட்டின்னா 25 அண்டா. இடிக்க ஆள்: ஒருத்தர் நாளைக்கு 60 கிலோன்னு ஆட்டத்துக்கு வச்சுக்கலாம், 100 பேர். இடிச்ச சக்கையைச் சூட்டோட பிழியணும், ஆறிப்போனா எண்ணெய் நார்லேயே நின்னுடும். பிழிஞ்சதைத் திரும்பத் தண்ணியில கொதிக்கவிட்டு, மேல மிதக்கறதை வழிச்சு, கடைசியா தனியா காய்ச்சி ஈரத்தை ஓட்டணும். ஈரம் நின்னா ஜாடியிலேயே புளிக்கும்.

விறகுக்குப் பயப்பட வேணாம். பிழிஞ்ச நாரும் உடைச்ச கொட்டை ஓடும் நல்லா எரியும். இன்னிக்கு ஆலைக் கொதிகலனே அதைத்தான் தின்னுது. ஆனா நாரை ரெண்டு நாள் வெயில்ல காய வைக்கணும், முதல் வாரத்துக்கு மட்டும் காட்டு விறகு.

நட்டம் எங்கன்னா, ஆலையில நூத்துக்கு 20 எண்ணெய் எடுக்கறான், இப்படிக் கையால எடுத்தா 10 தேறினா பெருசு. 2 டன் வர்ற இடத்துல 1 டன்.

#7 காண்டாவாளி

குலைவெட்டி கணக்கை வச்சு ஒரு கூட்டல் போட்டேன், விளையாட்டே மாறுது.

பழைய சுங்கத்துல ஏழ்மேட்டுக்கு நின்னது நாளைக்கு 1.8 டன். புதுச் சுங்கத்துக்குத் தலையாட்டியிருந்தா 1.5 டன். சண்டை போட்டு மேலேயே ஆட்டினா 1 டன். ஆக ஏழ்மேட்டு ரோஷத்தோட விலை நாளைக்கு அரை டன்.

தாழைமுகம்? முன்ன சுங்கமா 0.2 டன் வந்துச்சு. 0.5 ஆக்கப்போயி இப்ப சுழி. ஆலை சும்மா கிடக்கு, ஆலையாளுக்குக் கூலி போகணும், 3,000 படைக்கு ஆளுக்கு 800 கிராம் வச்சா நாளைக்கு 2.4 டன் அரிசி. ஆத்து வாயை அடைச்சவன் தன் தொண்டையையும் சேர்த்துப் பிடிச்சிருக்கான்.

#8 பெரட்டுமணி

சரி, அந்த ஒரு டன்னை எதுல ஊத்தி வைப்பீங்க? ஆறுதான் அடைச்சாச்சே.

#9 குலைவெட்டி

இது யோசிக்க வேண்டிய கேள்வி. 40 லிட்டர் ஜாடியில 36 கிலோ எண்ணெய். நாளைக்கு 28 ஜாடி, 90 நாளைக்கு 2,500. குயவர் சூளை எத்தனை இருக்குன்னு ஆறாங்கட்டை அண்ணன் சொல்லணும். ஈர மண்ணுல வனைஞ்சு, நிழல்ல காய வச்சு, சுட்டு எடுக்கப் பத்து நாள் ஆகும், மழை மாசத்துல இன்னும் கூட. முதல் பத்து நாளைக்கு ஊர்ல இருக்கற தண்ணிக்குடம் எல்லாம் எண்ணெய்க்குடம் ஆகும். பெண்கள் சும்மா விடமாட்டாங்க. சுட்ட பானை எண்ணெயை உறிஞ்சிக் கசியும், உள்பக்கம் டாமர்ங்கற மரப்பிசின் பூசணும். காட்டுல கிடைக்கும், ஆனா உருக்கிப் பூச ஆள் வேணும்.

இல்லேன்னா மலைதாண்டி விக்கணும். ஒரு டன்னுக்கு 33 சுமை. போக மூணு நாள், வர மூணு நாள்னா எப்பவும் 200 ஆள் பாதையில இருக்கணும். திரும்பி வர்ற 33 பேர்ல ரெண்டு பேர் உப்பு தூக்கினா காண்டாவாளி சொன்ன 60 கிலோ வந்துடுச்சு. மிச்சம் 31 பேர் அரிசி தூக்கினா நாளைக்கு 930 கிலோ. தேவை 6 டன், ஆறுல ஒரு பங்குக்குக் கொஞ்சம் குறைவு. அது பெருசுதான்.

#10 பால்மங்கு

பால்மரத்தை எல்லாரும் மறந்துட்டீங்க. அது குலைக்கு நேர் எதிர். பாலும் மங்குல (பால் பிடிக்கற கிண்ணத்துல) ஒரு நாள் நின்னா தானே கட்டிடும், ஆனா கட்டினா நட்டம் இல்ல, மட்ட ரக ஒட்டுப்பாலாவாவது தேறும். புளிச்ச தேங்காத்தண்ணி ஊத்தி உறைய வச்சு, உருளையில ஓட்டி, புகைக்கொட்டகையில நாலஞ்சு நாள் தொங்கவிட்டா ரப்பர் சீட்டு தயார். கொட்டகை சூடு 60 பாகையைத் தாண்டினா சீட்டு கொப்புளம் போடும், குறைஞ்சா பூசணம். நல்லா புகைஞ்ச சீட்டு மாசக்கணக்குல கிடக்கும்.

அதனால ஏழ்மேட்டுத் தலைவருக்கு என் யோசனை: முதல் வாரமே குலைவெட்டற ஆளைக் குறைக்காதே, பால்வெட்டற ஆளை எடுத்து எண்ணெய் வேலைக்குப் போடு. பால்மரத்தை ஆறு மாசம் சும்மா விட்டாலும் பட்டை தேறும், நல்லதுதான். மழையில எப்படியும் வெட்ட முடியாது.

#11 நிப்பாக்கரை

சங்கிலிக்கு வருவோம். யாரும் அதை எடை போடல.

25 மில்லிமீட்டர் கம்பியில வளையம் செஞ்சா மீட்டருக்கு 14 கிலோ. 200 மீட்டர் ஆத்துக்குத் தொய்வோட 220 மீட்டர் வேணும், 3 டன். தண்ணிக்குள்ள எடை கொஞ்சம் குறையும், 2.7 டன். மிதவை இல்லாம இதை இழுத்து நிறுத்த எந்தக் கம்பமும் தாங்காது. 30 சென்டிமீட்டர் கனம், 4 மீட்டர் நீளம் உள்ள லேசான கட்டை ஒண்ணு 170 கிலோ வரை தூக்கும். 16 கட்டை இருந்தா மிதக்கும், ஆனா ஒரு கட்டை ஊறிப்போனாலும் மூழ்கிடும். 32 வைக்கணும், ஏழு மீட்டருக்கு ஒண்ணு. உவர்த்தண்ணியில கப்பல்புழு வேற. மூணு மாசத்துல கட்டையைச் சல்லடை ஆக்கிடும். பாதிக் கட்டையை மாசாமாசம் மாத்தணும்.

அப்புறம் ஓதம், அதாவது கடல்தண்ணி ஏறி இறங்கறது. நம்ம மலேசிய மேற்குக் கரை மாதிரி வச்சீங்கன்னா நாளைக்கு ரெண்டு ஏத்தம் ரெண்டு வத்தம். கிள்ளான் துறைப்பக்கம் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தத்துக்கும் வத்தத்துக்கும் நாலு மீட்டருக்கு மேல வித்தியாசம். சங்கிலி முனை அசையாம கட்டியிருந்தா ஏத்தத்துல கட்டை மூழ்கும், வத்தத்துல கரையில தொங்கி வளையம் பிச்சுக்கும். ரெண்டு கரையிலயும் சுத்துருளை வச்சு ஆறு மணிக்கொரு தடவை விடணும், இழுக்கணும். அதுக்கே கரைக்கு 20 ஆள், ராப்பகலா.

கடைசியா குப்பை. நிப்பா (கழிமுகப் பனை) மட்டை, வேரோட வர்ற மரம், எல்லாம் சங்கிலியில வந்து சேரும். தினமும் ஒரு தடவை திறந்து தள்ளிவிடாட்டி அதுவே அணை ஆகி அறுத்துடும். வத்தம் ஆரம்பிச்ச முதல் மணி நேரத்துலதான் திறக்க முடியும், அப்பத்தான் தண்ணி குப்பையை வெளியே இழுத்துக்கும். அந்த நேரம் நாளுக்கு நாள் 50 நிமிஷம் தள்ளிப் போகும். ஏழ்மேட்டுக்காரனுக்கு நிலாக்கணக்கு தெரிஞ்சா எந்த ராத்திரி எத்தனை மணிக்கு வாய் திறக்கும்னு வீட்டுல உக்காந்தே சொல்லிடுவான்.

#12 ஆறாங்கட்டை

நிப்பாக்கரை, நல்ல அடி. ஆனா ஏழ்மேட்டுப் பக்கம் விளையாடறவங்க ஆத்துக்குக் குறுக்கே அணை கட்டித் தண்ணியை நிறுத்தப் போறதா சொல்றாங்க. தண்ணி குறைஞ்சா உப்பு மேலேறித் தாழைமுகத்துக் குடிநீர் கெடும்னு திட்டம்.

#13 நிப்பாக்கரை

உப்பு மேலேறும்கிறது சரி. உவர் எதுவரை போகும்னு பெரம்பாங் மரம் எதுவரை நிக்குதுன்னு பார்த்தே சொல்லலாம், நம்ம ஆத்துலேயே மின்மினி மொய்க்குமே அந்த மரம். ஆனா அணை தாங்காது. கட்டையும் மண்ணும் போட்டு 3 மீட்டர் அணை கட்டறாங்கன்னு வைங்க. பின்னால தண்ணி 2 கிலோமீட்டர் தேங்கும், 60 மீட்டர் அகலம். ஆழம் 3-னு போடாதீங்க, ஆத்தடி சாய்வா இருக்கும், சராசரி ஒண்ணரை. மொத்தம் 1,80,000 கன மீட்டர். சாதாரண ஓட்டத்துல ரெண்டரை மணி நேரத்துல நிரம்பி வழியும். கடும் வெயில்ல கூட 17 மணி நேரம். உப்பு நல்லா மேலேற நாள்கணக்குல தண்ணி குறையணும். இது ஒரு ஓதத்துக்குத்தான் காணும்.

நிரம்பி மேல வழிஞ்சா மண்ணணை ஒரு ராத்திரி நிக்காது. உடைஞ்சா 15 கிலோமீட்டர்ல நடுக்கடவு மூழ்கும். கழிமுகம் வரை 40 கிலோமீட்டர் போறதுக்குள்ள வெள்ளம் தட்டையாகிடும், சங்கிலிக்கு ஒண்ணும் ஆகாது. எதிரியை விட்டுட்டு நடுவுல இருந்தவனைப் பகைச்சுக்கற திட்டம் இது.

அணைக்கு வெட்டற மரத்தைச் சும்மா கரையில அடுக்கி வைங்க. பெருமழை வந்தா நூறு நூறா விடுங்க. தண்ணி சங்கிலியை அறுக்காது, கட்டைதான் அறுக்கும். கிராணி அக்கா சொன்ன 8 யானைக்கு வேலை இங்கதான்.

#14 பழையகணக்கு

ஆத்து வாய்ச் சுங்கத்துக்குச் சண்டைங்கறது நம்ம மாநிலத்துல நடந்ததுதான். 1867-ல கிள்ளான்ல ஈயச் சுங்கத்துல தொடங்கின தகராறு சிலாங்கூர் உள்நாட்டுப் போரா வளர்ந்துச்சு. சுல்தான் குடும்பத்து ராஜா மஹ்டி கிள்ளானைப் பிடிச்சார்; அப்புறம் சுல்தானோட மருமகன் தெங்கு குடின் ஆத்து வாயை அடைச்சதும் 1870-ல அவர் கிள்ளானை விட்டுட்டுக் கோல சிலாங்கூர் பக்கம் போனார். ஊர் விழுந்துச்சு, போர் முடியல, அதுக்கப்புறமும் வருஷக்கணக்குல இழுத்துச்சு. ஈயம் அழுகாது, எங்கே போனாலும் அதுக்காக அடிச்சுக்கலாம். ஆறாங்கட்டை போட்ட உலகத்துல பண்டம் அழுகும். அதனால இந்தப் போர் அவ்வளவு நீளாது, யாராவது ஒருத்தர் மூணு, நாலு மாசத்துல பேச்சுக்கு வருவார்.

சங்கிலிக்கு இன்னொரு முன்மாதிரி: 1453-ல கான்ஸ்டான்டிநோபிள் துறைமுகத்துல சங்கிலி போட்டாங்க. உஸ்மானியர் அதை அறுக்கல, கப்பலைத் தரைவழியா இழுத்து உள்ளே விட்டாங்க. நம்ம ஆளுங்களும் படகைத் தூக்கிக் கழிமுகக் காட்டைச் சுத்திப் போகலாம், சேறு முழங்கால் வரைக்கும்னா மட்டும்.

#15 பால்மங்கு

பழையகணக்கு ஐயா, சேறு இடுப்பு வரைக்கும். அதோட காய்ச்சல். 1901-ல சுவெட்டன்ஹம் துறைமுகத்தை (இன்னிக்குக் கிள்ளான் துறை) திறந்ததும் மலேரியா வந்து மூடற நிலைமைக்குப் போச்சு, சதுப்பை வடிச்ச பிறகுதான் அடங்குச்சு. தாழைமுகத்துப் படை 3,000 பேர் அதே மாதிரி உவர்ச்சதுப்புல கூடாரம் போட்டிருக்கான். ரெண்டாம் மாசத்துல காலைப் பெரட்டுக்கு (ஆள் எண்ணற வரிசைக்கு) நிக்கறவன் எத்தனை பேர்னு பகடை உருட்டுங்க. ஏழ்மேடும் சிரிக்க வேணாம். பசிக்குக் காட்டை வெட்டி மரவள்ளி போட்டா, வெயில் படற மலை ஓடையில வேற ஒரு கொசு முட்டையிடும்.

#16 கிராணி அக்கா

மரவள்ளி எப்படியும் 90 நாளுக்குள்ள வராது. ஆறு மாசமாவது வேணும். முதல் நாளே சோளமும் சக்கரவள்ளியும் போடச் சொல்லுங்க. சோளம் 80, 90 நாள். கீரை ஒரு மாசம். நெல்லு போட்டா பெரும்பாலும் 110 நாளுக்குக் குறையாது. கசப்பு மரவள்ளின்னா ஊறப்போட்டு நல்லா வேகவைக்கணும், இல்லேன்னா எதிரி தேவையில்லை.

#17 ஆறாங்கட்டை

சரி, விதியை மாத்தறேன். உப்பு விதி போச்சு. ஏழ்மேட்டுக்குக் கிடங்கு நாலு, ஆனா மூணுதான் நிரம்பியிருக்கு. யானை எட்டு. சூளை ஆறு. ஒவ்வொரு வாரமும் ஏழ்மேடு அண்டா, ஜாடி, சுமையாள் மூணையும் எண்ணிக் காட்டணும். ஜாடி பத்தலேன்னா அந்த வார எண்ணெய் மண்ணுல போகும். தாழைமுகம் மாசத்துக்கு 16 மிதவைக்கட்டை மாத்தணும், காய்ச்சலுக்குப் பகடை. ரெண்டு பெருமழை: 5-ஆவது வாரமும் 11-ஆவது வாரமும். அணை கட்டினா நடுக்கடவு எதிரி பக்கம் சேரும்.

யாரு விழுவாங்கன்னு இனி நான் சொல்லமாட்டேன். ஞாயிறு ரெண்டு மணிக்கு வாங்க.

#18 நிப்பாக்கரை

5-ஆவது வாரத்துல நிலா எங்கே நிக்குதுன்னு போடலையே அண்ணே. போர் தொடங்கின நாள் அமாவாசைன்னா 30-ஆவது நாள் திரும்ப அமாவாசை, பெரிய வத்தமும் பெருமழையும் ஒண்ணா வருது. அன்னிக்கு 200 கட்டை விட்டா சங்கிலி நிக்காது.

#19 ஆறாங்கட்டை

தொடக்கம் பௌர்ணமிக்கு ஏழு நாள் கழிச்சு. தேய்பிறை, சின்ன ஓதம். தாழைமுகத்துக்காரன் அவ்வளவுகூட யோசிக்கமாட்டானா?

#20 நிப்பாக்கரை

அப்ப 37, 38-ஆவது நாள் பார்த்துக்கறேன். அதுதான் ரெண்டாவது அமாவாசை, அப்பவும் ஆத்துல மழைத்தண்ணி வடிஞ்சிருக்காது.